உடையவர் அறியப்படாத பொருள்: தெமியாங் முதல் நாகப்பட்டினம் வரை, ஏற்றிச் செல்வோரின் விற்பனை உரிமை

திருக்குறளின் ‘பொருள் செயல்வகை’ அதிகாரம் வேந்தனுக்குரிய வருவாயை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டுகிறது (குறள் 756). உல்கு எனப்படும் சுங்கமும் பகைவர் தரும் திறையும் நமக்கு எளிதில் விளங்குவன. இவ்விரண்டுக்கும் முன்னதாக வைக்கப்பட்ட ‘உறுபொருள்’ என்பதே ஆராய்ச்சிக்குரியது. வைத்தவர் இறந்துபோக நெடுங்காலம் நிலத்தில் கிடந்து பின்னர்க் கண்டெடுக்கப்பட்ட பொருளையும், தாயத்தார் பெறாத பொருளையும் இச்சொல் குறிப்பதாகப் பரிமேலழகர் கொள்கிறார். உடையவர் இல்லாத பொருள் அரசனைச் சேரும் என்பது இதன் கருத்து. அதனைச் சுங்கத்தோடு ஒரே மூச்சில் வைத்து எண்ணியிருப்பது தற்செயலன்று எனலாம். துறைமுகத்திலும் வழித்தலத்திலுந்தான் பொருளும் அதன் உடையவரும் பெரும்பாலும் பிரிந்து போகின்றனர்.

அவ்வாறு பிரிந்த பொருளை ஏற்றிச் சென்றவர் என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினா. கப்பல் நிறுவனமோ இரயில்வேயோ வண்டிக்காரரோ ஒரு பெட்டியைக் கொண்டு வந்து சேர்த்து விட்டனர். பெற்றுக்கொள்ள எவரும் வரவில்லை. அதனை அவர் விற்கலாமா? விற்றால் பணம் யாருக்கு? வணிகச் சட்ட நூல்களில் ஓர் ஓரத்தில் கிடக்கும் இவ்வினா, நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் தமிழகத்துக்கும் இடையே சென்று வந்த தமிழரின் வரலாற்றில் ஓரத்து வினாவன்று. சட்டம் ‘கோரப்படாத பொருள்’ என்று பெயரிட்டவற்றுள் ஒரு பகுதி, கோருவதற்கு ஆள் இருந்தும் அவருக்குச் செய்தி எட்டாத பொருளே என்பதை இங்கு நிறுவ முற்படுகிறோம்.

இந்திய மரபிலும் உறுபொருள் உடனடியாக அரசனுடையதாகி விடவில்லை. உடையவர் அறியப்படாத பொருளை அரசன் மூன்றாண்டுகள் காத்து வைத்திருக்க வேண்டும், அதற்குள் உடையவர் வந்து கேட்டால் பெறலாம் என்று மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் விதிக்கிறது. காத்து வைத்தமைக்காக அரசன் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளவும் அங்கு இடமுண்டு. கடல் வழிப் பொருளைப் பொறுத்தவரை வழக்கம் இதைவிடக் கடுமையாக இருந்தது என்பதற்குக் காகதீய மன்னன் கணபதிதேவன் ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் 1244-45இல் வெளியிட்ட அபய சாசனம் சான்று. புயலில் சிக்கிக் கரையொதுங்கும் கலங்களின் சரக்கு முழுவதையும் முன்னைய மன்னர்கள் பறித்து வந்தனர் என்று கூறி, தான் முறையான சுங்கம் தவிர வேறொன்றும் கொள்வதில்லை என்று அவன் அறிவிக்கிறான். அறமும் அருளும் ஒருபுறமிருக்க, அயல்நாட்டு வணிகரை அத்துறைக்கு ஈர்ப்பதும் அவன் நோக்கமாயிருந்திருக்க வேண்டும். உடையவர் தொலைவில் இருந்தாலும் அவர் உரிமை அழிவதில்லை என்ற கொள்கையைத் துறைமுகத்தில் கல்லில் பொறித்து வைத்த ஆவணம் என்ற வகையில் அது நமக்கு வேண்டியதாகிறது.

பற்றுரிமையும் விற்பனை உரிமையும்

ஆங்கிலேயர் கொண்டு வந்த சட்டம் இதனை வேறு கோணத்தில் அணுகியது. அங்கு அரசன் பின்னுக்குச் செல்கிறான். ஏற்றிச் செல்பவர் முன்னுக்கு வருகிறார். ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி ஏற்றிச் செல்பவருக்குத் தமது கூலி கிடைக்கும் வரை சரக்கைப் பிடித்து வைக்கும் பற்றுரிமை உண்டு. ஆனால் பற்றுரிமை என்பது பிடித்து வைக்கும் உரிமை மட்டுமே; விற்கும் உரிமை அதில் அடங்கவில்லை. கூலி வராமலும் ஆள் வராமலும் பெட்டி பத்தாண்டு கிடந்தாலும், பொதுச் சட்டத்தை மட்டும் நம்பி அதனை விற்றவர் பிறர் பொருளைக் கையாடியவராகவே கருதப்படுவார்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பொருள் அழுகிப்போகும் நிலையில் இருந்து, உடையவரைக் கேட்க வழியும் இல்லையானால், ஏற்றிச் செல்பவர் அவருடைய அவசரகால முகவராக நின்று விற்கலாம். இவ்விலக்கை நீதிமன்றங்கள் மிகக் குறுக்கியே வைத்தன. ஜெர்சித் தீவிலிருந்து வந்த தக்காளி, வேலைநிறுத்தத்தால் வேமத் துறைமுகத்தில் தேங்கியபோது, கிரேட் வெஸ்டர்ன் இரயில்வே அதனை அங்கேயே விற்றுவிட்டது. 1921இல் தீர்க்கப்பட்ட ஸ்பிரிங்கர் வழக்கு இது. உடையவருக்குச் செய்தி அனுப்பியிருக்க முடியும், அனுப்பவில்லை. ஆகவே இரயில்வே இழப்பீடு தர வேண்டும் என்பது தீர்ப்பு. தக்காளி கெட்டுக்கொண்டிருந்தது என்பதை யாரும் மறுக்கவில்லை. வழக்கைத் தீர்த்தது, கேட்டிருக்கலாம் என்ற அந்த ஒன்றே.

1948இல் வந்த சாக்ஸ் எதிர் மிக்லோஸ் வழக்கு இன்னும் கூர்மையானது. ஒருவர் தம் வீட்டில் மற்றொருவரின் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டணமின்றி வைத்துக்கொள்ள இசைந்தார். போர்க்காலத்தில் இடம் தேவைப்பட்டபோது கடிதங்கள் எழுதினார், பதில் வரவில்லை, ஏலத்தில் விற்றுவிட்டார். போர் முடிந்து உடையவர் வந்து கேட்டார். விற்றவர் நல்லெண்ணத்தோடு நடந்தவர்தாம். எனினும் அவசரம் என்று சொல்லத்தக்க நிலை அங்கு இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. கோரப்படாத பொருளை விற்கும் முறையைப் பழுதுபார்க்கும் கடைக்காரர் போன்றோருக்கு வகுத்துத் தரும் சட்டம் பிரிட்டனில் 1952இல் வந்தது.

ஆக, விற்பனை உரிமை வேண்டுமானால் அதனைச் சட்டமன்றமே தர வேண்டும். கப்பல்களுக்கு அதனைத் தந்தது 1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம். பிரிட்டனில் இறக்கப்பட்டுக் கிடங்கில் வைக்கப்பட்ட சரக்கின் மீதுள்ள கப்பல் கூலி தீர்க்கப்படாவிட்டால், தொண்ணூறு நாள் கழித்துக் கிடங்குக்காரர் பொது ஏலத்தில் விற்கலாம். அழுகும் பொருளாயின் அதற்கு முன்னரே விற்கலாம். விற்பதற்கு முன் நாளேடுகளில் விளம்பரம் வேண்டும். உடையவரின் முகவரி ஆவணங்களில் இருந்தால் அஞ்சலிலும் அறிவிக்க வேண்டும். இதன் 497ஆம் பிரிவில் ஒரு சிறு உட்பிரிவு உள்ளது. அஞ்சல் அறிவிப்பு அனுப்பப்படாமற் போயினும் ஏலத்தில் நல்லெண்ணத்தோடு வாங்கியவரின் உரிமை கெடாது என்பது அதன் சாரம். அறிவிப்பைக் கடமையாக்கிய அதே பிரிவு, அக்கடமை தவறினால் நேரும் இழப்பை வாங்கியவர் மீது வைக்காமல் உடையவர் மீது வைத்து விடுகிறது.

இந்தியாவில் 1890ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் இதே வேலையைச் செய்தது. அதன் 55ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தப்படாத சரக்கைப் பற்றியது. அழுகும் பொருளை உடனே விற்கலாம். மற்றவற்றை உள்ளூர் நாளேட்டில் குறைந்தது பதினைந்து நாள் அறிவிப்புச் செய்து ஏலம் விடலாம். 56ஆம் பிரிவு, எவரும் கோராத சரக்கைப் பற்றியது. உடையவர் தெரிந்தவராயின் அவருக்கு அறிவிப்புச் சார்வு செய்ய வேண்டும். தெரியாதவராயினும், அறிவிப்பைச் சேர்ப்பிக்க இயலாவிடினும், சேர்ப்பித்தும் அவர் வராவிடினும், ஏற்ற காலத்திற்குள் விற்கலாம். செலவு போக எஞ்சியதை உரியவருக்குத் தர வேண்டும். ‘ஏற்ற காலம்’ என்பது எத்தனை நாள் என்று அப்பிரிவு சொல்லவில்லை.

எஞ்சிய தொகை பற்றிய இவ்விதியே இச்சட்டங்களின் உயிர்நாடி என்பது நம் கருத்து. இரயில்வேக்கு விற்கும் அதிகாரம் கிடைத்ததேயன்றி உடைமை கிடைக்கவில்லை. உடையவரின் உரிமை பெட்டியை விட்டு நீங்கிப் பணத்தின் மீது ஏறி நிற்கிறது. உறுபொருள் வேந்தனுடையது என்ற பழைய கொள்கையிலிருந்து இது வெகுதூரம் வந்த நிலையாகும்.

ஒரு பெட்டியின் வழி

இனிச் சிரம்பான் நகரையொட்டிய தெமியாங் வட்டாரத்திலிருந்து ஊருக்குச் செல்லும் ஒரு தகரப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். இது நாம் கற்பனையாக அமைக்கும் எடுத்துக்காட்டு. எனினும் அது செல்லும் வழி வரலாற்றில் உள்ள வழியே. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே சுங்கை உஜோங் இரயில்வே 1891இல் திறக்கப்பட்டது. அது தனியார் நிறுவனமாக இயங்கி 1908இல் அரசின் உடைமையானது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரையிலான இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், 1963இல் தனி ஆணையம் அமையும் வரை இரயில்வேயின் நிர்வாகத்திலேயே இருந்தது. ஆகவே தோட்டத்திலிருந்து மாட்டு வண்டியில் சிரம்பான் நிலையம் வந்து சேரும் பெட்டி, கப்பலில் ஏறும் வரை ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும். பிறகு கப்பல் நிறுவனம். 1926 முதல் இவ்வழியில் ஓடிய ‘ரஜுலா’ கப்பலை நம் முந்தைய தலைமுறையினர் மறக்கவில்லை. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கியதும் சுங்கம். அதன்பின் தென்னிந்திய இரயில்வே. கடைசியில் மீண்டும் ஒரு மாட்டு வண்டி.

இத்தனை கைகளும் இத்தனை சட்டங்கள். மலாய்க் கூட்டரசு மாநிலங்களில், எனவே நெகிரி செம்பிலானிலும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட சட்டம் 1899இல் நடைமுறைக்கு வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கிலச் சட்டமே நிலவியது. தோட்டத் தொழிலாளி தமக்குத் தெரியாமலே தஞ்சாவூரில் இருந்த அதே ஒப்பந்தச் சட்ட மரபின் கீழ்ச் சிரம்பானிலும் வாழ்ந்தார் என்பது சுவையான செய்தி. அச்சட்டம் பிறர் பொருளை வைத்திருப்பவருக்குப் பற்றுரிமை தருகிறது. கண்டெடுத்தவர் கூட, உடையவரைத் தக்க முயற்சியோடு தேடியும் காணாதபோது, பொருள் கெட்டுப்போகும் நிலையிலோ தமது செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரு பங்கை எட்டிய நிலையிலோ மட்டுமே விற்கலாம் என்கிறது. தேட வேண்டும் என்பது அங்கு முதல் நிபந்தனை.

இந்தியக் கரையில் 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம் காத்திருந்தது. கப்பல் வந்து பதிவான நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் மீட்கப்படாத சரக்கை அறிவிப்புக்குப் பின் ஏலம் விட அது இடமளித்தது. நாட்டுப்புறத்திலிருந்து நாகப்பட்டினம் வந்து பெட்டியை மீட்க வேண்டிய ஒரு குடும்பத்திற்கு நான்கு மாதம் போதுமான காலமே, செய்தி கிடைத்திருந்தால்.

அறிவிப்பு யாருக்குப் போனது?

மேற்கண்ட சட்டங்கள் அனைத்தும் மூன்று நம்பிக்கைகளின் மேல் எழுப்பப்பட்டவை. பொருளுக்குரியவருக்கு ஒரு முகவரி உண்டு. அவர் நாளேடு படிப்பவர், அல்லது படிப்பவரோடு பழகுபவர். அவர் பெயர் அவரை மட்டுமே குறிக்கும். இலண்டன் வணிகருக்கு இம்மூன்றும் பொருந்தும். சென்னைச் செட்டியார் நிறுவனத்திற்கும் பொருந்தும். தெமியாங் வட்டாரத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவருக்கு மூன்றும் பொருந்தா.

முதலாவது முகவரி. தோட்டத்தில் தொழிலாளிக்கென்று தனி அஞ்சல் முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணி பிரித்துத் தருவார். தொழிலாளி கங்காணியோடு வேறு தோட்டம் போயிருந்தால் கடிதம் ஆபீசிலேயே தங்கும். ஊரிலும் நிலை வேறன்று. பெற்றுக்கொள்ள வேண்டிய தாயோ மனைவியோ எழுதப் படிக்கத் தெரியாதவர். கடிதத்தை ஊரில் எழுத்தறிந்த ஒருவரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து நாளேடு. 1890ஆம் ஆண்டுச் சட்டமும் 1894ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளூர் நாளேடு என்கின்றன. எந்த மொழி நாளேடு என்று சொல்லவில்லை. கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தோன்றியது 1924இல். சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ 1935இல். அதற்கு முன்னரும் இங்குத் தமிழ் இதழ்கள் தோன்றி மறைந்தன என்றாலும், ஆங்கில நாளேட்டில் ஒரு வரி போட்டாலே சட்டம் நிறைவடைந்து விடும். படிக்க வேண்டியவருக்குப் புரியாத மொழியில் செய்யப்பட்ட அறிவிப்பும் சட்டத்தின் கண்ணில் அறிவிப்பே.

மூன்றாவது பெயர். நம்மவர் பெயர் முறையில் குடும்பப் பெயர் இல்லை. ஒரே தோட்டத்தில் நான்கு முனியாண்டிகள் இருப்பது வியப்பன்று. செக்ரோல் புத்தகத்தில் அவர்களை எண்தான் பிரித்துக் காட்டும். அப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும் குமாஸ்தாவுக்கு ஏற்ப எழுத்துக்கூட்டு மாறும். சிரம்பான் நிலைய ரசீதில் ஒரு விதமாகவும், கப்பல் சரக்குப் பட்டியலில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட ஒருவர், இரண்டும் தாமே என்று நாகப்பட்டினத்தில் மெய்ப்பிக்க என்ன ஆவணம் காட்டுவார்? மலாயாவில் அடையாள அட்டைப் பதிவே 1948இல்தான் தொடங்கியது.

‘உடையவர் தெரிந்தவராயின்’ என்ற 56ஆம் பிரிவின் சொற்றொடரை இப்பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். யாருக்குத் தெரிந்தவர்? இரயில்வே நிர்வாகத்திற்கு. தோட்டத்து லயத்தில் இருந்த அனைவருக்கும் அப்பெட்டி யாருடையது என்று தெரிந்திருக்கலாம். தெரிந்த அவர்களைக் கேட்கும் கடமை எவருக்கும் இல்லை. ஸ்பிரிங்கர் வழக்கில் தக்காளி வணிகருக்குச் செய்தி அனுப்பியிருக்கலாம் என்று நீதிமன்றம் எதிர்பார்த்தது. அத்தகைய எதிர்பார்ப்பு ஒரு தோட்டத் தொழிலாளியை நோக்கியும் எழுந்திருக்குமானால், ஒரு கடிதமும் ஒரு தமிழறிந்த கிராணியும் போதுமாயிருந்திருக்கும். அவர் வழக்காடுவதற்கு நீதிமன்றம் வரை வர வேண்டும் என்பது வேறு கதை.

போர் இந்நிலையை உச்சத்திற்குக் கொண்டு சென்றது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுப்போடு தமிழகத்துடனான கப்பல் போக்குவரத்தும் அஞ்சலும் அறுந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் தொகை பெரிது. அனுப்பியவர் சயாமில், பெறுபவர் தஞ்சையில், பொருள் இரண்டுக்கும் இடையில் எங்கோ என்ற நிலையில், கோருவார் இல்லை என்ற முடிவுக்கு ஒரு கிடங்கு வருவது எளிது. சாக்ஸ் வழக்கின் உடையவர் போருக்குப் பின் வந்து கேட்டார், நீதிமன்றமும் கேட்டது. மரண இரயில் பாதையில் இறந்தவரின் குடும்பத்திற்கு, கேட்க வேண்டிய பொருள் ஒன்று இருந்தது என்பதே தெரிந்திருக்க நியாயமில்லை.

உறைந்த சட்டம், ஓடும் சட்டம்

விடுதலைக்கு முந்தைய ஆண்டில் இயற்றப்பட்ட 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு வேடிக்கையைச் சேர்த்தது. இந்நாட்டுச் சட்டமன்றம் வேறு விதி செய்யாத இடங்களில், தரை, கடல், வான் வழி ஏற்றிச் செல்வோர் பற்றிய சட்டம் இங்கிலாந்துச் சட்டமாகவே இருக்கும் என்கிறது அதன் ஐந்தாம் பிரிவு. ஆனால் எந்த நாளைய இங்கிலாந்துச் சட்டம்? தீபகற்பத்தில் பினாங்கும் மலாக்காவும் தவிர்ந்த மாநிலங்களுக்கு, 1956 ஏப்ரல் 7ஆம் நாள் இருந்த சட்டம். பினாங்குக்கும் மலாக்காவுக்கும் வழக்கு எழும் நாளில் உள்ள சட்டம். பிரிட்டன் 1977இல் தனது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, கோரப்படாத பொருள்களின் விற்பனைக்குப் புதிய முறையை வகுத்தது. ஏப்ரல் 1956இல் உறைந்து நிற்கும் சட்டத்திற்குள் அது தானாக நுழைய முடியாது. ஆகவே எழுத்துச் சட்டம் பேசாத இடத்தில், பட்டர்வொர்த் கிடங்கில் கிடக்கும் பெட்டியும் சிரம்பான் கிடங்கில் கிடக்கும் பெட்டியும் வெவ்வேறு காலத்து இங்கிலாந்தைப் பார்த்து நிற்கின்றன. சட்டம் கற்பிக்கும் நண்பர்கள் இதனைப் புன்னகையோடு கூறுவர். வரலாறு கற்பிப்போர் இதில் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் மலாய் மாநிலங்களுக்கும் இருந்த பழைய எல்லைக்கோட்டைக் காணலாம்.

இந்தியாவில் சாலை வழிச் சரக்கைப் பொறுத்தவரை 1865ஆம் ஆண்டின் ஏற்றிச் செல்வோர் சட்டம் பெரிதும் இழப்பீட்டுப் பொறுப்பையே பேசியது. அதற்கு மாற்றாக 2007இல் இயற்றப்பட்டு 2011இல் நடைமுறைக்கு வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் தனது 15ஆம் பிரிவில் விற்பனையை வரையறுத்தது. அறிவிப்புக்குப் பின் முப்பது நாள் கழிந்தால் சரக்கு கோரப்படாததாகக் கருதப்படும். அதன்பின் பெறுநருக்கு, அவர் முகவரி இல்லையேல் அனுப்பியவருக்கு, மேலும் பதினைந்து நாள் அறிவிப்பு. பெறுநர் கிடைக்காவிடில் அனுப்பியவரைக் கேட்க வேண்டும் என்ற இச்சிறு விதியை 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்தின் 84ஆம் பிரிவிலும் காண்கிறோம். 1890ஆம் ஆண்டுச் சட்டம் உடையவரை அல்லது உரியவராகத் தோன்றுபவரை என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டது. தெமியாங்கிலிருந்து அனுப்பியவரை ஒரு கடிதத்தால் கேட்டிருக்கலாமே என்ற நம் ஏக்கத்திற்கு நூறாண்டு கழித்துக் கிடைத்த விடை இது.

விற்காமல் வைத்திருப்பதும் தீங்கற்றதன்று என்பதை இங்குச் சொல்ல வேண்டும். பழுதடைந்து கைவிடப்பட்ட ‘ரோசஸ்’ என்ற கப்பலிலிருந்து இறக்கப்பட்ட 2,750 டன் அமோனியம் நைட்ரேட், பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்து 2020 ஆகஸ்டு 4இல் வெடித்து நகரையே சிதைத்தது. அச்செய்தி வந்த சில நாள்களிலேயே, 2015 முதல் சென்னைக்கருகே சுங்கத்துறையின் பிடியில் இருந்த ஏறத்தாழ 700 டன் அதே வேதிப்பொருள் ஐதராபாத்துக்கு அப்புறப்படுத்தப்பட்டது. கிடங்குக்காரருக்கு விற்பனை உரிமை வேண்டும் என்ற வாதத்தின் வலிமையை நாம் மறுக்கவில்லை. உரிமை வேண்டும், அதன் விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி.

இந்தியச் சுங்கத்தில் காத்திருப்புக் காலம் 1878இன் நான்கு மாதத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின் 48ஆம் பிரிவின் கீழ் இன்று முப்பது நாளாகியுள்ளது. 150ஆம் பிரிவு ஏலப் பணத்தைப் பங்கிடும் வரிசையைச் சொல்கிறது. முதலில் விற்பனைச் செலவு, அடுத்து ஏற்றிச் சென்றவரின் கூலி, பிறகு தீர்வை, அதன்பின் கிடங்குக் கட்டணம், சுங்கச் சட்டங்களின்படி அரசுக்குரிய பிற பாக்கி, கடைசியாக எஞ்சியது உடையவருக்கு. வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு என்ன மிஞ்சும் என்பது பொருளின் மதிப்பைப் பொறுத்தது. இப்பிரிவில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட ஒரு வரம்புரை நம் கவனத்திற்குரியது. விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள், அல்லது ஆணையர் நீட்டித்த காலத்திற்குள், மிச்சத்தை உடையவரிடம் சேர்க்க முடியாவிட்டால் அது நடுவண் அரசுக்குச் செலுத்தப்படும். மனு மூன்றாண்டு வைத்த இடத்தில் இன்று ஆறு மாதம். உல்கும் உறுபொருளும் மீண்டும் ஒரே கருவூலத்துக்குள் வந்திருக்கின்றன.

மலேசியாவில் 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. சட்டப்படி ஒருவருக்குச் செலுத்த வேண்டியதாகிக் குறிப்பிட்ட காலம் வரை செலுத்தப்படாத தொகையைப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். உரியவர் விண்ணப்பித்துப் பெறலாம். அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடும் முறை இன்று உண்டு. எண் இல்லாத காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது உதவாது.

தமிழ்த்துறை மாணவர்களின் ஆய்வேடுகளில் தோட்ட வாழ்வைப் பற்றியன பல உள்ளன. பாடல், வாய்மொழிக் கதை, கோயில் வழிபாடு ஆகியவையே அவற்றின் மூலங்கள். பழைய நாளேடுகளின் ஏல அறிவிப்புப் பத்திகளையும் அவ்வரிசையில் சேர்க்கலாம் என்று கருதுகிறோம். கப்பலின் பெயர், பொதியின் குறி, எண்ணிக்கை, ஏல நாள் என்று வறண்டு கிடக்கும் அவ்வரிகளைத் தோட்டத்துச் செக்ரோல்களோடும் கப்பல் பயணியர் பட்டியல்களோடும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, ஒரு குறிக்குப் பின்னால் ஒரு பெயரும் ஒரு பெயருக்குப் பின்னால் ஓர் ஊரும் புலப்படக் கூடும். அதற்குத் தொடக்கமாக 1903க்கும் 1941க்கும் இடைப்பட்ட சிரம்பான் வழிச் சரக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு முதுகலை ஆய்வேட்டின் எல்லைக்குள் அடங்கும்.